மழை வந்தால் திரும்பும் கருவாட்டு வாடை

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதன் பின்கட்டு அறையில் முன்பு கருவாட்டு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். பினாயில் ஊற்றிக் கழுவினோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், சுண்ணாம்பும் அடித்தோம். சுண்ணாம்பு அடித்த அன்று வாடை முன்னைவிடக் கூடியது. கோடையில் அடங்கியிருந்தது, ஐப்பசி மழையில் மறுபடி கிளம்பிவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சுண்ணாம்பில் கூடியது, மழையில் திரும்பியது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளுமே காரணத்தைக் காட்டிவிடுகின்றன. கடல்மீனின் தசையைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் ட்ரைமெத்திலமைன்தான் மீன்வாடைக்கு முதன்மையான காரணம். திருக்கையும் சுறாவும் கிடந்த இடமானால், அவற்றின் தசையில் நிறைந்துள்ள யூரியா சிதைந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். இவை இரண்டும் புளிப்பு பட்டால் அடங்கும். சுண்ணாம்பு, சோடா போன்ற காரப்பொருள் பட்டால் ஆவியாகிக் கிளம்பும். மீன் அரிந்த கையில் புளியைத் தேய்த்துக் கழுவுவது இதனால்தான் பலன் தருகிறது. ஈரச் சுண்ணாம்போ கடுங்காரம். பிளீச்சிங் பவுடரும் சலவைச் சோடாவும் காரமே. பினாயில் தன் வாசனையால் சில நாள் மூடி மறைக்குமே தவிர, ஊறிய வாடையை நீக்காது.

மழையில் திரும்புவதற்குக் காரணம் உப்பு. மூட்டைகளிலிருந்து வடிந்த உப்புநீர் தரையிலும் சுவரிலும் ஊறியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை இழுத்து நீர்க்கத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இழுக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சுவர் இப்படித் தானாகவே நனைந்து, உள்ளே தங்கிய மீன்கசடு மறுபடி நாறுகிறது. ஆகவே உப்பை வெளியேற்றாமல் வாடையை வெளியேற்ற முடியாது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மூக்கு சில நிமிடங்களிலேயே வாடைக்குப் பழகிவிடுவதால், அறையை இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் வெளிக்காற்றில் சற்று நின்றுவிட்டு வந்து முகர வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் பாலித்தீன் தாளைப் பரப்பி, விளிம்புகளை டேப்பால் ஒட்டி, மறுநாள் ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்தால், எந்தத் தாளின் அடியில் வாடை தேங்கியிருக்கிறதோ அதுதான் இடம். சுவரின் அடி இரண்டு முழத்தையும், மூட்டை சாய்ந்திருந்த மூலைகளையும், பரணையும் விட்டுவிடாதீர்கள்.

டைல்ஸ், மரப்பலகை, கதவு ஆகியவற்றை, வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு கழுவிக் காயவிடலாம். காவி போட்ட சிமெண்டுத் தரையைப் புளிப்பு அரிக்கும் என்பதால், அங்கே இன்னும் நீர்க்கக் கலந்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரின் மிச்சம் இருக்கும் இடத்தில் வினிகரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். உங்கள் கிணற்று நீர் உவராக இருந்தால், கடைசி அலசலுக்காவது குடிதண்ணீர் வேண்டும். இல்லையென்றால் எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்தவர்களாவோம்.

சுண்ணாம்புச் சுவரில் வினிகர் பலிக்காது, சுண்ணாம்பே அதை முறித்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, முழுதும் காய்ந்த பின் உரித்தெடுத்தால், காயும்போது உப்பு கூழுக்குள் வந்து சேர்ந்திருக்கும். இதைப் பலமுறை செய்ய வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலே இதற்கு ஏற்ற காலம். நம் கரையோரத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இருப்பதுபோல் பவளக்கல் சுவராக இருந்தால், அக்கல்லின் நுண்துளைகளில் உப்பு ஆழமாக இறங்கியிருக்கும். அப்போது நாறும் பகுதியின் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கல்லின் மீதே கூழை அப்புவதுதான் என் பரிந்துரை. அதற்குள் பெயிண்ட் அடித்து மூடிவிடாதீர்கள், உப்பு அதை உரித்துக்கொண்டு வெளியே வரும். சீமைக்கருவேலங்கரி மூட்டையை அறையில் வைப்பது ஓரளவு உதவும், ஆனால் அது மருந்தாகாது.

கேள்வி: வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் குளியலறையில் சாக்கடை நாற்றம் வருகிறது. தினமும் புழங்கினால் இல்லை.
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: தண்ணீர் போகும் குழாயின் வளைவில், சாக்கடை வாடை மேலே வராமல் தடுத்து நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். புறப்படும்போது தண்ணீரின் மேல் சிறிது தேங்காயெண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும்.

கேள்வி: நாங்கள் மீனே சமைப்பதில்லை; ஆனால் கூடத்தில் மாலையில் மீன்வாடை அடிக்கிறது.
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: இதைத் தள்ளிப் போடாதீர்கள். சூடேறிக் கருகும் சுவிட்ச், பிளக் பிளாஸ்டிக்குகள் சில மீன்வாடை வீசும். மாலையில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில் மட்டும் வருவதால் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்றே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தக் கூடத்து இணைப்பைப் பயன்படுத்த வேண்டாம்.