இயெமொத்தோ, ரியூ, யோஷி: ஜப்பானியக் கலைக்குடும்பச் சொற்கள் (கேள்வி பதில்)

கேள்வி: இயெமொத்தோ என்றால் தலைமை ஆசிரியர்தானே?

இல்லை. 'இயே' என்றால் வீடு, குடும்பம். 'மொத்தோ' என்றால் மூலம். தேநீர்க் கலையோ மலர் அலங்காரமோ நடனமோ, அது வழிவழியாக வரும் மூல வீட்டுக்கும் அதன் தலைவருக்கும் இந்தப் பெயர். உள்ளூர் ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சான்றிதழ் இயெமொத்தோவின் பெயரில்தான் வரும். நோ நாடகத்தில் இதே இடத்தைச் 'சோகே' என்பார்கள். தயவுசெய்து இரண்டையும் 'மகாகுரு' என்று தமிழாக்காதீர்கள். வீடு என்ற பொருளே தொலைந்துவிடும்.

கேள்வி: ரியூ என்றால் டிராகன் அல்லவா?

ஒலி ஒன்று, எழுத்து வேறு. கலைப்பள்ளியைக் குறிக்கும் ரியூவின் இடப்பக்கம் துளிகள் போல மூன்று சிறு கோடுகள் இருக்கும். அவை நீர். பொருள், ஓட்டம். எழுத்தைப் பாருங்கள், ஒலியை நம்பாதீர்கள்.

கேள்வி: 'உரா' என்றால் பின்பக்கம். தேநீர்க் கலைப்பள்ளியான உராசென்கே தாழ்ந்த கிளையா?

இல்லை, அது மனையின் பின்பக்கம். தேநீர்க் கலை மேதை சென் நோ ரிக்யூவின் பேரன் சோத்தான், கியோட்டோ வீட்டின் முன்பகுதியை ஒரு மகனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கினார். முன்பகுதி ஒமோத்தேசென்கே ஆனது. அவர் ஒதுங்கிய பகுதி இன்னொரு மகனுக்குப் போய் உராசென்கே ஆனது. மூன்றாவதான முஷாகோஜிசென்கேவுக்குத் தெருவின் பெயர்.

கேள்வி: யோஷி என்றால் தத்துப்பிள்ளை. தத்து வந்தால் பரம்பரை அறுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ரிக்யூ 1591இல் இறந்தார். அவருடைய சொந்த மூத்த மகன் தோஆனின் வழி நிலைக்கவில்லை. இன்றைய மூன்று சென்கே வீடுகளும் ஷோஆன் வழி வந்தவை. அவர் ரிக்யூவின் இரண்டாம் மனைவி முன்பே பெற்ற பிள்ளை. ரிக்யூவின் மகளையே மணந்தார். மருமகனே மகனாகி வீட்டுப் பெயரை ஏற்பதற்கு 'முகோயோஷி' என்று தனிச் சொல்லே உண்டு. அறுந்திருந்தால் அதற்கு ஒரு சொல் எதற்கு?

அதே நண்பர் மறுபடியும்: அது பழங்கதை. பிற்காலத்தில் ரத்தவழிதானே?

சரி, கபுகி நாடகத்துக்கு வாருங்கள். ஒன்பதாம் இச்சிகாவா டான்ஜூரோ என்ற நடிகர் 1903இல் இறந்தார். மகளை மணந்து வீட்டுக்கு வந்தவர் வங்கியில் வேலை பார்த்தவர். பின்னாளில் நடிகரானார், இறந்த பிறகு பத்தாம் டான்ஜூரோ என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. பதினொன்றாமவர் வேறொரு நடிகர் குடும்பத்திலிருந்து தத்து வந்தவர். 2022இல் 'ஷூமெய்', அதாவது பெயரேற்பு, செய்துகொண்ட பதின்மூன்றாமவர் இவருடைய பேரன். எண்ணிக்கை எங்கும் நின்றதா? எண்ணப்படுவது பெயர். 'இயே' அந்தப் பெயரைக் காப்பாற்றும் வீடு.

கேள்வி: ரியூவும் டிராகனும்…

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கராத்தேயில் சோகே பட்டம் யார் தருவது?

என் துறை இல்லை. கராத்தே பழகியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: நத்தோரி?

நடனத்தில் பெயர் பெற்ற சீடர். ஹனயாகி பள்ளியில் நத்தோரி ஆனவர் மேடையில் ஹனயாகி என்ற குடும்பப் பெயரோடுதான் ஆடுவார், அந்த வீட்டில் பிறக்காவிட்டாலும்.