பச்சிலைப் பதில்கள்: ஒரே தொட்டியில் இரண்டு செடி

கேள்வி: வேளாண் கண்காட்சி ஒன்றில் 'சீன மாசிப்பச்சை, மலேரியா மருந்துச் செடி' என்று சொல்லி நாற்று விற்றார்கள். வாங்கி வந்து மொட்டை மாடியில் தொட்டியில் வைத்தேன். முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பார்த்தீனியம், பிடுங்கிப் போடும்மா" என்கிறார். இரண்டு கிளை ஒடித்து அனுப்பியிருக்கிறேன். எது உண்மை?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இரண்டுமே உண்மைதான் அம்மா. நீங்கள் அனுப்பிய இரண்டு கிளையும் ஒரே செடியுடையவை அல்ல. உங்கள் தொட்டியில் இரண்டு செடி இருக்கிறது.

உறை தபால்காரர் கையில் இருக்கும்போதே மணத்தது. பிரித்தால், பேப்பரில் சுற்றிய ஒரு கிளை நல்ல பச்சை. இலை கேரட் இலைபோல மூன்று முறை பிரிந்து பிரிந்து நூல் நூலாகப் போகிறது. தடவினால் ரோமம் தட்டுப்படவில்லை. நசுக்கினால் கற்பூரமும் இனிப்பும் கலந்த வாசனை, கை கழுவிய பிறகும் விரலில் நிற்கிறது. கைலென்ஸில் பார்த்தேன், இலை முழுக்கப் பொடிப் பொடியாக மினுங்கும் புள்ளிகள். அவை சுரப்பிகள். மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் ஊறுவது அங்கேதான். ஆக இது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செடியேதான். சீனர்கள் 'சிங்ஹாவ்' என்பார்கள், தாவரவியலில் ஆர்டிமீசியா அன்னுவா. பூத்தால் இன்னும் சந்தேகம் தீரும்: கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் உருண்டைகள், தலை கவிழ்ந்து தொங்கும்.

இன்னொரு கிளையில் சாம்பல் ஓடிய இலை, தண்டில் வரிவரியாகப் பள்ளம், மேலெல்லாம் சொரசொரவென்று ரோமம், நுனியில் வெள்ளைப் பூ. இது சாட்சாத் பார்த்தீனியம். தொட்டி மண்ணோடு வந்திருக்கும். பூவில்லாத இளஞ்செடியாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படித்தவர்களே தடுமாறுவார்கள். உங்கள் அண்ணனைக் குறை சொல்ல முடியாது.

ஒரு கண்டிப்பு. 'கசக்கி முகர்ந்து பாருங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் கசக்கினால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வாரக்கணக்கில் போகாது. கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் ஊசுடு ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் என் முதல் உத்தரவே முழுக்கைச் சட்டைதான். கேரிபேக்கைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு இலையை நசுக்குங்கள், அப்புறம் மூக்கை அருகில் கொண்டுபோனால் போதும். பார்த்தீனியத்தை அதே கேரிபேக் கையோடு, விதை கொட்டுவதற்குள், வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நாலு நாளாக விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். நோபல் பரிசு வாங்கிய சீன மூலிகை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உறவினர் வீட்டில் செடி இருக்கிறது. கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா? எத்தனை இலை, எவ்வளவு தண்ணீர்?
- வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம் தம்பி. இதைப் படிப்பதற்குள் அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியாவா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்தில் குளிர்காய்ச்சல் என்றால் டெங்கு இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்கிரப் டைஃபஸ் இருக்கலாம். இவை எதற்கும் இந்த இலை மருந்தாகாது.

சரி, மலேரியாவே என்று வந்தாலும் கஷாயம் ஏன் கூடாது? இந்தக் கதை எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பரிசு செடிக்கு இல்லை, தூ யூயூ என்ற சீன அம்மாவுக்கு, 2015இல். வியட்நாம் போர்க்காலத்தில், 1967இல், மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைச் சீன அரசு தொடங்கியது. தூ யூயூவின் குழு பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி மூலிகை மூலிகையாகச் சோதித்தது. சிங்ஹாவ் சாறு ஒருமுறை வேலை செய்யும், அடுத்த முறை கைவிடும். கடைசியில் கே ஹொங் என்ற பழைய சீன வைத்தியர் நாலாம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது: ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி. கொதிக்க வை என்று அதில் இல்லை! சூட்டில்தான் குணம் போகிறதோ என்று அந்த அம்மாவுக்குப் பொறி தட்டியது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறு இறக்கினார். 1971இல் அந்தச் சாறு எலிகளின் ரத்தத்தில் இருந்த மலேரியாக் கிருமிகளை அடியோடு ஒழித்தது. அடுத்த வருடம் தானே குடித்துப் பார்த்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

ஆக நீங்கள் அடுப்பில் ஏற்றிச் சுண்டக் காய்ச்ச நினைப்பது, அந்த அம்மா எதைக் கைவிட்டாரோ அதையேதான். 'அப்படியானால் கே ஹொங் சொன்னபடி ஊறவைக்கிறேன்' என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். ஆர்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு செடியில் நிறைய இருக்கும், பக்கத்துச் செடியில் பேருக்குத்தான் இருக்கும். டம்ளரில் எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அரைகுறை அளவு போனால் காய்ச்சல் தணிந்த மாதிரி காட்டும், வலுவான கிருமி தங்கிவிடும். அது மருந்துக்கு மசியாத கிருமியாகப் பெருகினால் ஊருக்கே கேடு. செடியைத் தேநீராகவோ பொடியாகவோ மலேரியாவுக்குக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. மாத்திரையில்கூட ஆர்டிமிசினின் வகையைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் ஒளிந்துகொண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும். அதை விரட்ட ப்ரைமாகுவின் மாத்திரை 14 நாள் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவதுதான் நம் வழக்கம். அப்பா அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் மரிக்கொழுந்தும் இந்தச் சிங்ஹாவும் ஒன்றுதானே?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பங்காளிகள், ஆனால் வேறு வேறு. பெரிய மார்க்கெட்டில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தைப் பாருங்கள், வெள்ளி பூசிய சாம்பல் நிறம், பழ வாசனை, செடியும் குட்டை. சீனாவில் டிராகன் படகுத் திருவிழாவுக்கு வாசலில் ஒரு செடியைக் கட்டுவார்கள், இலையின் அடிப்புறம் வெள்ளைப் பஞ்சாக இருக்கும், அது அதே குடும்பத்தில் இன்னொன்று. உங்கள் மரிக்கொழுந்து தலையில் இருக்கட்டும்.

கேள்வி: ஆளுயரம் வளரும் என்றார்கள். என் சிங்ஹாவ் ஒரு ஜாண் வளர்ந்ததும் மொட்டு வைத்துவிட்டது. உரம் போதவில்லையா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உரத்தைக் கொட்டாதீர்கள், குறை மண்ணில் இல்லை. பகல் பொழுது ஏறக்குறைய 13½ மணிக்குக் கீழே போனால் இந்தச் செடி பூக்கத் தொடங்கும். சீனத்தின் வடபகுதியில் கோடைப்பகல் அதைத் தாண்டி நீளும், செடி அதுவரை வளர்ந்துகொண்டே போகும். கடலூர், புதுச்சேரியில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே 13 மணியைத் தொடுவதில்லை. முளைத்த நாளிலிருந்தே பூக்கும் காலம்தான்! லக்னோவில் உள்ள சிமாப் ஆய்வு நிறுவனம் 'ஜீவன் ரக்ஷா', 'சிம் ஆரோக்யா' என்று இந்தியாவுக்கென ரகங்கள் தந்திருக்கிறது, அடுத்த தடவை அந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். விதை தூசிபோல இருக்கும். மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள், மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மழைக்காலத்தில் விதைத்தால் நாற்று அழுகும், தை பிறக்கட்டும். இப்போது இருக்கும் செடியை இரவில் மாடி விளக்கு படுகிற மூலைக்கு நகர்த்திப் பாருங்கள், கொஞ்ச நாள் ஏமாறும். வீட்டில் யாருக்காவது இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் மட்டும் மொட்டு விரியும் முன்பே கிள்ளிவிடுங்கள், இதன் மகரந்தம் ஆகாது.