முட்டி வலித்தால்தான் தியானமா?

கேள்வி: பௌத்த தியானத்தில் ஆர்வம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது 46. பத்மாசனம் வரவில்லை. வலுக்கட்டாயமாகப் போட்டால் பத்து நிமிடத்தில் இடது முட்டியில் உயிர் போகிறது. வகுப்பு எடுப்பவர், “கால் மடங்காதவனுக்கு மனமும் மடங்காது, வலியைத் தாங்கு” என்கிறார். நண்பரோ, “விழிப்போடு இருந்தால் போதும், எப்படி உட்கார்ந்தால் என்ன, எந்த முறையைப் பிடித்தால் என்ன” என்கிறார். நானும் இதுவரை நான்கு முறைகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். இருக்கையும் முறையும் உண்மையிலேயே முக்கியமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டுமே முக்கியம். ஆனால் முட்டியில் உயிர் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். இன்றைக்கே. மற்றதை அப்புறம் பேசலாம்.

கால் மரத்துப்போவது வேறு, முட்டி வலி வேறு. மரத்த கால் எழுந்து நாலு அடி நடந்தால் சரியாகிவிடும். முட்டியின் உள்பக்கம் குத்துகிற வலி அப்படிப்பட்டதல்ல. பத்மாசனத்துக்குத் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது இறுகிக் கிடந்தால், அந்தத் திருகலை முட்டி வாங்கிக்கொள்கிறது. முட்டியோ கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளத்தான் ஏற்றது, திருகுவதற்கு இல்லை. நாற்பது வயதுக்கு மேல் நாற்காலியிலேயே வாழ்ந்த ஒருவரிடம் “தாங்கு” என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

சரி, புத்தர் என்ன சொன்னார்? சதிபட்டான சுத்தம் என்ற பாலி மொழிப் போதனையில் வருவது இவ்வளவுதான்: காட்டுக்கோ, மரத்தடிக்கோ, வெற்று வீட்டுக்கோ போய், கால்களை மடித்து உட்கார்ந்து, உடம்பை நிமிர்த்தி, நினைவை முன்னே நிறுத்துகிறான். எந்தப் பாதம் எந்தத் தொடைமேல் என்ற பேச்சே இல்லை. தரையில் உட்கார்ந்து பழகிய மக்களுக்குச் சொன்னது அது. மூச்சைப் பற்றிய பகுதி முடிந்ததும், நடக்கும்போது நடக்கிறேன் என்றும், நிற்கும்போது நிற்கிறேன் என்றும், படுத்திருக்கும்போது படுத்திருக்கிறேன் என்றும் அறியச் சொல்கிறது அதே போதனை. உட்கார்வது நான்கில் ஒன்று.

இலங்கையின் அனுராதபுரம் போனால் அங்குள்ள சமாதிப் புத்தர் சிலையின் கால்களைக் கவனியுங்கள். முகத்தின் அமைதியில் மயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் கால்களைப் பார்ப்பதில்லை. ஒரு காலின் மேல் மறுகால், அவ்வளவுதான். இரண்டு பாதங்களும் தொடைமேல் ஏறிய முழுப் பத்மாசனம் அல்ல அது. தமிழ்நாட்டில் கிடைத்த அமர்ந்த புத்தர்களும் பெரும்பாலும் இதே இருக்கைதான்.

அதே அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற தியான வழிகாட்டி நூலை எழுதியவர் புத்தகோசர். முன்பு காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை வேறோர் உரையில் அவரே குறிப்பிடுகிறார், அந்த வகையில் நமக்கும் கொஞ்சம் உறவு. உடம்பை ஏன் நிமிர்த்த வேண்டும் என்பதற்கு அவர் தரும் காரணத்தை உங்கள் வகுப்பில் எழுதி மாட்டலாம். முதுகின் பதினெட்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்க உட்கார்ந்தால், தோலும் சதையும் நரம்பும் முறுக்கிக்கொள்வதில்லை. முறுக்கினால் கணத்துக்குக் கணம் எழக்கூடிய வலிகள் எழுவதில்லை. அதனால் மனம் ஒன்றுகூடுகிறது. வலி வராமல் இருக்கத்தான் அந்த இருக்கையே ஏற்பட்டது! அதை வலிக்கான பரீட்சையாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

இன்னோர் இடத்தில், சிலருக்கு நடப்பது ஒத்துவரும், சிலருக்கு நிற்பதோ உட்கார்வதோ படுப்பதோ ஒத்துவரும் என்கிறார். ஒவ்வொன்றையும் மூன்று நாள் சோதித்துப் பார், எதில் அலையும் மனம் அடங்குகிறதோ அது உன்னுடையது என்கிறார். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய இந்த நிதானம் இன்று பல வகுப்புகளில் இல்லை.

வலியைத் தாங்கும் பயிற்சியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 1969இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து விபாசனா முகாம்களைத் தொடங்கிய கோயங்காவின் பத்து நாள் வகுப்பில், நான்காம் நாளுக்குப் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் நிலை மாற்றாமல் உட்காரச் சொல்கிறார்கள். உடம்பில் எழும் உணர்ச்சி வருவதையும் போவதையும் பார்க்கக் கற்பதற்கான ஏற்பாடு அது, அதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அங்கேயும் தேவைப்படுகிறவர்களுக்கு நாற்காலி தருகிறார்கள்.

ராஜகிருகத்தில் தங்கியிருந்த சோணர் என்ற பிக்கு, வேகம் தாங்காமல், பாதம் கிழிந்து ரத்தம் கொட்டும் வரை நடந்து நடந்து தியானம் செய்தார். புத்தர் அவரிடம் கேட்டது வீணையைப் பற்றி. நரம்பை அதிகம் முறுக்கினால் இசை வருமா, தளர்த்தினால் வருமா? அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பிக்குகளின் ஒழுங்கு விதிகளைக் கூறும் வினய நூல் சொல்லும் மிச்சக் கதை அவ்வளவாகத் தெரியாது. பிறகு அவருக்குச் செருப்பு போட்டுக்கொள்ள அனுமதி தந்தார் புத்தர். எனக்கு மட்டும் வேண்டாம் என்றார் சோணர். அதனால் பிக்குகள் எல்லோருக்கும் செருப்பு அனுமதியானது. ரத்தத்தைப் பார்த்த ஆசிரியர் “தாங்கு” என்று சொல்லவில்லை.

இனி உங்கள் நண்பர். “ஓடு ஒன்றைத் தேய்த்துக் கண்ணாடி ஆக்க முடியுமா, உட்கார்ந்து உட்கார்ந்து புத்தர் ஆக முடியுமா” என்ற சீன ஜென் கதையை அவரும் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவர் நான்யூவே என்ற குரு. கேட்கப்பட்ட மாட்சு என்ற சீடரோ தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர். உட்காரவே தொடங்காதவருக்குச் சொன்ன பதில் இல்லை அது. அதே ஜென் மரபில் வந்தவர்தான் 1227இல் சீனத்திலிருந்து ஜப்பான் திரும்பிய தோகன். காது தோளுக்கு நேராக, மூக்கு தொப்புளுக்கு நேராக, கண் திறந்தபடி என்று அங்குலம் அங்குலமாக எழுதி வைத்தார். அவருக்கு உட்கார்வது எங்கோ போய்ச்சேரும் வழி அல்ல, அதுவே பயிற்சியின் நிறைவு. அவரும்கூட முழுப் பத்மாசனம் அல்லது பாதி என்று இரண்டையும் ஏற்றார்.

முறையும் அப்படித்தான், வேலைக்கு ஏற்ற கருவி. மூச்சை எண்ணுவதற்குப் புத்தகோசர் சொல்லும் உவமை நெல் அளப்பவர். நம் ஊர்க் களத்தில் மரக்காலை முகந்து, “லாபம்” என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே கொட்டி, அது காலியாகும் வரை அடுத்த எண்ணுக்குப் போகமாட்டார்களே, அதே நிதானம். ஒரு மூச்சு முழுதாக முடியும் வரை “ஒன்று”. ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல். மனம் பிடிபட்டதும் மாடு எண்ணுகிற இடையன் மாதிரி வேகமாக. அப்புறம் எண்ணுவதையே விட்டுவிடுவது. இத்தனை படி இருக்கிற ஒன்றை “எதைப் பிடித்தால் என்ன” என்று எப்படிச் சொல்வது? மூக்கு நுனியில் மூச்சைப் பார்ப்பதும், பர்மிய மகாசி சயாதோ கற்பித்தபடி வயிறு எழுந்து தாழ்வதைப் பார்ப்பதும் இரண்டுமே நல்ல முறைகள். ஆனால் இன்று இது, நாளை அது என்றால் முதல் படியைத்தான் திரும்பத் திரும்ப ஏறுவீர்கள்.

இதில் உங்கள்மேலும் குறை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. இரண்டு வருடத்தில் நான்கு முறைகள் என்றால் சராசரியாக ஒன்றுக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் தினமும் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புத்தகோசரின் மூன்று நாள் கணக்கு இருக்கைக்கு. அதையே முறைக்கும் போட்டுவிடாதீர்கள். நான்கில் ஒன்றை எடுத்து, தினம் அரை மணி நேரம், ஒரு வருடம் வைத்திருங்கள்.

இருக்கைக்கு இப்படிச் செய்து பாருங்கள். நானும் முதலில் வெறும் பாயில்தான் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும், தோள்பட்டைகளுக்கு நடுவே எரியும். பிறகு ஒரு கம்பளியை நான்காக மடித்து, அதன் முன்விளிம்பில் மட்டும் உட்கார்ந்தேன். முட்டியைவிட இடுப்பு உயர்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது, நான் நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அதுவும் முட்டியை இழுத்தால் நாற்காலிதான். சாய்மானத்தில் சாயாமல், கொஞ்சம் முன்தள்ளி உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.