நாய்க்கும் சர்க்கரை நோயா?

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பாவிய எங்கள் வளவில், ஒன்பது வயது நாய் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. சர்க்கரை நோய் என்கிறார் கால்நடை மருத்துவர். என் அப்பத்தாவின் இன்சுலினையே அதற்கும் போடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: நீங்களாகப் போட வேண்டாம், அம்மா, அளவு தவறினால் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அப்பத்தாவின் மருந்துக்கே நாய்கள்தாம் வழி திறந்தன: 1889-இல் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற மருத்துவ ஆய்வாளர்கள், இன்சுலின் சுரக்கும் உறுப்பான கணையத்தை அகற்றிய நாயின் சிறுநீரில் சர்க்கரையைக் கண்டார்கள், 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்தே இன்சுலினைப் பிரித்தார்கள். நாயின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே. ஆயினும் சர்க்கரை நோய் வந்த நாய்க்குப் பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே குன்றிவிடுகிறது. முதியோர் பலருக்கோ சுரந்தது சரிவர வேலை செய்வதில்லை. நாய்களுக்குக் கண்புரை விரைந்து வருமாதலால், கண்ணில் வெண்மை படர்கிறதா என நாள்தோறும் பாருங்கள்.