கேள்வி – பதில்: செயற்கைக்கோளில் தீர்ந்துபோவது எது?

டிவி செயற்கைக்கோள்களுக்கு ஆயுள் சுமார் 15 ஆண்டு என்கிறார்கள். சூரிய ஒளியில்தானே ஓடுகின்றன, பிறகு என்ன தீர்கிறது?
(தேனி வாசகர்)

மின்சாரத்தைச் சூரியத் தகடு தந்துகொண்டே இருக்கும். தீர்வது எரிபொருள். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிறுத்திவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. சந்திரனும் சூரியனும் இழுப்பதால் அதன் பாதை ஆண்டுக்கு முக்கால் டிகிரிக்கு மேல் சாயும். அதை நிமிர்த்த, ஆண்டுக்கு நொடிக்கு 50 மீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். கிழக்கு மேற்காக நழுவுவதைத் தடுக்க 2 மீட்டரே போதும். எரிபொருளை விழுங்குவது, பாதை சாய்வதால் வரும் வடக்கு தெற்கு ஆட்டம்தான்.

மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பெரிய வம்பு. எடையற்ற நிலையில் திரவம் டாங்கின் அடியில் தங்காது. பைக் டாங்கில் இருப்பதுபோல மிதவை வைத்து அளக்க முடியாது. உந்துமுனைகள் (பாதையைத் திருத்தும் சிறு எஞ்சின்கள்) எத்தனை நொடி எரிந்தன என்று கணக்கு வைப்பார்கள். டாங்கின் அழுத்தம், வெப்பநிலையை வைத்தும் கணிப்பார்கள். இரண்டிலும் பிசகு உண்டு. ஓய்வுபெறும்போது சுமார் 300 கி.மீ. மேலே உள்ள ‘கல்லறைப் பாதை’க்கு ஏற வேண்டும், அதற்கு நொடிக்கு 11 மீட்டர் வேகம், அதாவது இரண்டரை மாதச் செலவு, கையிருப்பில் இருக்க வேண்டும். அதையும் சம்பாத்தியத்துக்குச் செலவழித்துவிட்டால், வேலை செய்கிற மற்றச் செயற்கைக்கோள்களின் பாதையிலேயே செத்துக் கிடக்கும்.

மேலேயே எரிபொருள் நிரப்ப முடியாதா?
(ஈரோடு வாசகர்)

நிரப்புவதற்குப் பதில் வேறொரு வண்டியையே பொருத்திப் பார்த்தார்கள். 2001இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் எரிபொருள் தீரும் நிலையில், நார்த்ராப் க்ரம்மன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எம்.இ.வி-1 என்ற கலம் 2020 பிப்ரவரி 25 அன்று அதைப் பிடித்துக்கொண்டது. பழைய கோளில் பிடிப்பதற்கென்று கொக்கி எதுவும் கிடையாது. அதனால் பெரிய எஞ்சினின் கூம்புக்குள் ஒரு தண்டை நுழைத்து, குறுகிய கழுத்தைத் தாண்டியதும் அதன் நுனியை விரித்து, இழுத்து இறுக்கினார்கள். மோதினால் அண்டையில் உள்ளவை கெடக்கூடாது என்று, முன்னதாகவே கோளைக் கல்லறைப் பாதைக்கு ஏற்றிவிட்டது நல்ல முன்யோசனை. ஏப்ரல் 2 முதல் மேற்கு தீர்க்கரேகை 27.5 டிகிரியில் மறுபடி வேலை. நிலைநிறுத்தும் பொறுப்பு முழுக்க வந்த கலத்துக்கு. ஐந்தாண்டு கழித்து, 2025 ஏப்ரலில், பழையதைக் கல்லறைப் பாதையில் விட்டுவிட்டுக் கழன்றது.

மார்ச் மாதத்தில் சில நாள், பட்டப்பகலில் டிடிஎச் படம் சில நிமிடம் போய்விடுகிறது. டிஷ் பழுதா?
(சென்னை வாசகர்)

பழுதில்லை. அப்போது சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருகிறது; அதன் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்குகிறது. சென்னையில் இது மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி வாக்கிலும் நடக்கும். வடக்கே போகப் போக மார்ச்சில் முந்தும், இலையுதிர் காலத்தில் பிந்தும். அடுத்த நாளும் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்த் தானாக வந்தால் சூரியன்தான் காரணம். ஆளைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்லாதீர்கள். திருப்பினால் மற்ற நேரத்திலும் படம் வராது.