குளோபல் ஷட்டருக்காகக் காத்திருக்கலாமா? கேள்வி பதில்

படமும் வீடியோவும் ஒரே கேமராவில் எடுப்பவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கேமரா சிறந்தது" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

கே: நான் இந்தத் துறைக்குப் புதியவன். ரோலிங் ஷட்டர், குளோபல் ஷட்டர் இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

கேமராவில் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஏறத்தாழ 4000 வரிகள் இருக்கின்றன. வழக்கமான சென்சார் அவற்றை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. வருகைப் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவதைப் போலத்தான்: முதல் ஆள் போட்ட நேரம் வேறு, கடைசி ஆள் போட்ட நேரம் வேறு. அந்த இடைவெளியில் பொருள் நகர்ந்துவிட்டால் படத்தில் அது சாய்ந்தோ வளைந்தோ பதிவாகும். குளோபல் ஷட்டரில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் ஒளி வாங்கத் தொடங்கி, ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. அதன்பின் தகவலைப் படித்தெடுக்க நேரம் ஆகத்தான் செய்யும். அதுவரை ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) தான் வாங்கியதை வெளிச்சம் புகாத ஒரு சிற்றறையில் பூட்டி வைத்திருக்க வேண்டும். அந்தச் சிற்றறையை நினைவில் வையுங்கள், பின்னால் அதனோடு ஒரு வழக்கு இருக்கிறது.

கே: என் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறது. படம் எடுக்கும்போது அதுவே குளோபல் ஷட்டருக்குச் சமம்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் மெக்கானிக்கல் ஷட்டரில் இருப்பவை இரண்டு திரைகள். முதல் திரை திறந்துகொண்டே போக, இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு மூடிவருகிறது. படச் சட்டத்தை (ஃபிரேம்) கடக்க அவற்றுக்கு ஏறக்குறைய 1/250 வினாடி, அதாவது 4 மில்லிவினாடி ஆகும். நீங்கள் ஷட்டர் வேகத்தை 1/4000 வினாடி என்று வைத்தால் இரண்டு திரைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளவு சென்சாரின் மேல் ஓடுகிறது. அதுவும் ஒருவகை ரோலிங் ஷட்டர்தான், வேகமானது என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

திரை மெதுவாக ஓடிய காலத்தில் கண்ணில் பட்டது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லார்த்திக் 1910களில் எடுத்த கார்ப் பந்தயப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவர் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினார், ஆனால் கார் அதைவிட வேகமாகப் போய்விட்டது. இன்று நாம் குறை என்று திட்டுவதை நூறாண்டுக்கு முன் வேகத்தின் அழகு என்று கொண்டாடினார்கள். இன்றும் கார்ட்டூனில் வேகமாக ஓடும் காரை முன்சாய்த்துத்தானே வரைகிறார்கள்?

கே: அப்படியானால் குளோபல் ஷட்டர் உள்ள கேமராவை வாங்கிவிடலாமா? நான் விளையாட்டுப் போட்டிகளும் குறும்படங்களும் எடுக்கிறேன்.

அவசரப்படாதீர்கள். "குளோபலா, இல்லையா" என்பதைவிட, சென்சாரை முழுதாகப் படிக்க எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்ற கேள்விதான் உங்களுக்கு உதவும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6000 புள்ளி அகலமுள்ள சட்டத்தை ஒரு வண்டி அரை வினாடியில் கடக்கிறது. அது சட்டத்தின் முழு உயரத்தையும் நிரப்புகிறது. அடுக்கு இல்லாத (வேகமாகப் படிக்க உதவும் மின்சுற்று அடுக்கு அடியில் இல்லாத) சாதாரண முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் ஒன்று எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது திரை இல்லாமல் சென்சாரே ஷட்டர் வேலையைப் பார்க்கும் முறையில், 65 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வண்டியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 780 புள்ளி விலகல் வரும். அது 11 பாகை சாய்வு. பேருந்து கவிழப்போவதைப் போல இருக்கும். நிக்கான் 2024இல் இசட்6 மார்க் 3 கேமராவில் கொண்டுவந்த பகுதி அடுக்கு சென்சார் ஏறத்தாழ 14 மில்லிவினாடியில் படிக்கிறது. சாய்வு இரண்டரைப் பாகைக்குள் அடங்கிவிடும். முழு அடுக்கு சென்சார் உள்ள இசட்9, இசட்8 போன்றவை 4 மில்லிவினாடிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அப்போது விலகல் 48 புள்ளி, முக்கால் பாகைக்கும் குறைவு. அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரையே தூக்கிவிட்டார்கள் என்றால் அந்தத் துணிச்சலுக்குக் காரணம் இந்த 4 மில்லிவினாடிதான்.

ஆக 65இலிருந்து 4க்கு வருவது பெரிய தாவல். 4இலிருந்து சுழியத்துக்குப் போவது சிறிய படி, ஆனால் விலை அதிகம். கால்பந்து, ஓட்டம், நடனம், பறவை எல்லாவற்றுக்கும் 4 மில்லிவினாடி போதும் என்பது என் கருத்து. கோல்ஃப் மட்டையின் தலை மட்டும் விதிவிலக்கு. வினாடிக்கு 50 மீட்டர் வேகம் என்றால் 4 மில்லிவினாடியில் அது 20 செ.மீ. போய்விடும். மட்டை சட்டத்தின் பாதி உயரத்துக்கு நீண்டிருந்தாலும் 10 செ.மீ. வளைவு தெரியும். கோல்ஃப் எடுப்பவர் என்றால் சொல்லுங்கள், என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

கே: வெட்டவெளியில் வெயிலில் ஃபிளாஷ் போட்டு உருவப்படம் எடுப்பவன் நான். எனக்கு என்ன லாபம்?

இந்தப் பட்டியலிலேயே அதிக லாபம் உங்களுக்குத்தான்.

சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் போதுதான் ஃபிளாஷ் எரிய வேண்டும். அதனால்தான் வழக்கமான கேமராக்களில் 1/200, 1/250 என்ற வரம்பு. அதற்கு மேல் போனால் சட்டத்தில் கறுப்புப் பட்டை. வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை அகலமாகத் திறந்த எஃப்/2 என்றால் ஷட்டர் 1/6400 வரை போக வேண்டும். 1/250இல் நிற்க வேண்டுமானால் லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியைத் திருகிக்கொள்வீர்கள், அல்லது ஹைஸ்பீட் சிங்க் போடுவீர்கள். ஹைஸ்பீட் சிங்க் என்பது ஃபிளாஷைத் துடிதுடிக்க விட்டு நீண்ட நேரம் எரியவைப்பது. பலத்தில் பெரும்பகுதி மூடிய திரைமேல் விழுந்து வீணாகும்.

சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மார்க் 3தான் குளோபல் ஷட்டர் கொண்ட முதல் முழுச்சட்ட மிரர்லெஸ் கேமரா. அதில் 1/80,000 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும் என்பது விளம்பரம். பொய்யில்லை, ஆனால் ஒரு சங்கதியை யாரும் தலைப்பில் போடுவதில்லை. ஃபிளாஷும் ஒரு கணத்தில் எரிந்து முடிவதில்லை. பெரிய வெளிப்புற ஃபிளாஷ் முழு பலத்தில் எரிந்து தணிய மில்லிவினாடிக் கணக்கில் நேரம் எடுக்கும். 1/16,000 என்றால் ஷட்டர் திறந்திருப்பது 0.06 மில்லிவினாடி. விளக்கு எரிகிற கதையில் ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டுக் கதவை மூடுவதைப் போல. அதனால் நிஜத்தில் பெரிய ஆதாயம் 1/500 முதல் 1/2000 வரையிலான வேகங்களில் கிடைக்கும். லென்ஸ் துளையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளச் சம்மதமென்றால் அதுவே போதும், வடிகட்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம்.

பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது புதுமையும் இல்லை. 2004இல் வந்த நிக்கான் டி70, சிசிடி என்ற பழைய வகை சென்சாரோடு 1/500இல் ஃபிளாஷ் ஒத்திசைந்தது. சென்சாரே ஷட்டர் வேலையைப் பார்த்ததால்தான் அது முடிந்தது. இன்று புழங்கும் சிஎம்ஓஎஸ் வகை சென்சார் வந்து அந்த வசதியைப் பறித்துக்கொண்டது.

கே: மேடை நிகழ்ச்சிகளை வீடியோ எடுக்கிறேன். மற்றவர்கள் ஃபிளாஷ் அடிக்கும்போது சட்டத்தின் பாதி மட்டும் வெள்ளையாகிறது. குளோபல் ஷட்டரில் இது தீருமா?

தீரும். ஒரு பரிசளிப்பு நிகழ்ச்சியில் எனக்கே நேர்ந்தது. மேடையில் கைகுலுக்கும் அந்த ஒரு நொடி; கீழே ஐந்தாறு பேர் ஒன்றாக ஃபிளாஷ் அடித்தார்கள். வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது பார்க்கிறேன்: ஒரு சட்டத்தில் மார்புக்குக் கீழே வெளுப்பு, அடுத்த சட்டத்தில் மார்புக்கு மேலே வெளுப்பு. கத்தியால் கீறியதைப் போன்ற கோடு. ஃபிளாஷ் எரிந்தபோது சில வரிகள் ஒரு சட்டத்துக்கும் மற்றவை அடுத்ததற்கும் ஒளி வாங்கிக்கொண்டிருந்தன. அன்று அந்தக் காட்சிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் போனது. குளோபல் ஷட்டரில் ஒரு சட்டம் முழுதும் வெள்ளையாகும். கண் அதை ஃபிளாஷ் என்றே ஏற்றுக்கொள்ளும்.

கே: எல்இடி விளக்கில் வரும் பட்டைகளும் அப்படியே தீருமா?

பட்டை தீரும், மினுக்கல் தீராது. பல கடைக்காரர்கள் இரண்டையும் குழப்பி விற்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. ரோலிங் ஷட்டர் அதைச் சட்டத்துக்குள்ளேயே பட்டைகளாக விரித்துக் காட்டும். குளோபல் ஷட்டரில் பட்டை இல்லை. மாறாக ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். வேகமான ஷட்டர் வைத்தால் இது இன்னும் மோசம். வீடியோவில் விளக்குக்குப் பொருந்தும் ஷட்டர் வேகத்தை, 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100, வைப்பதே இரண்டு வகைக் கேமராவுக்கும் மருந்து.

கே: குளோபல் ஷட்டரில் படத்தின் தரம் குறையும் என்கிறார்களே?

அந்தச் சிற்றறையோடு உள்ள வழக்கு இதுதான். ஒளியைப் பூட்டி வைக்கும் அறைக்கு இடம் வேண்டும். அந்த இடம் ஒளி வாங்கும் பரப்பிலிருந்துதான் போகிறது. புள்ளி கொள்ளும் ஒளியின் அளவு குறைகிறது. ஏ9 மார்க் 3இன் அடிப்படை ஐஎஸ்ஓ 100 அல்ல, 250. நிழல் பகுதியை ஏற்றிப் பார்க்கும்போது அதே தலைமுறைக் கேமராக்களைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (ஒளி இருமடங்காகும் ஒரு படி) முன்னதாகவே இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிபுள்ளியான கலங்கல், எட்டிப்பார்க்கிறது. நல்ல வெளிச்சத்தில் விளையாட்டு எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அந்தி நேர நிலக்காட்சியில் வானத்தையும் பாறையையும் ஒரே படத்தில் இழுத்துக் கொண்டுவருபவர் உடனே உணர்வார்.

கே: ஏ9 மார்க் 3இன் வினாடிக்கு 120 படம் என்பது உண்மையிலேயே பயன்படுமா?

பந்து மட்டையில் படும் கணத்துக்குப் பயன்படும். மற்ற நேரங்களில் பத்து வினாடி எடுத்தால் 1200 படங்கள், அவற்றைப் பொறுக்க ஒரு முழு மாலை.

கே: கையில் வைத்து நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவில் காட்சி கூழ் போல ஆடுகிறது. குளோபல் ஷட்டர்தான் தீர்வா?

எந்த ஆட்டம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கம்பம், கதவு நிலை போன்ற நேர்கோடுகள் நெளிந்தால் அது ரோலிங் ஷட்டர். அகலக்கோண லென்ஸில் நடுப்பகுதி நிலையாக இருக்க, மூலைகள் மட்டும் இழுபட்டால் அது கேமராவுக்குள் சென்சாரை அசைக்கும் அதிர்வுத் தடுப்பின் வேலை. குளோபல் ஷட்டர் வந்தாலும் போகாது. அந்தத் தடுப்பை அணைத்துவிட்டு, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் எடுத்துப் பாருங்கள். கேமராவின் அசைவை அளக்கும் கைரோ தகவலைக் கொண்டு பின்னால் கணினியில் நிலைப்படுத்துபவர்களுக்கும், கணினி வரைகலையைக் காட்சியோடு பொருத்துபவர்களுக்கும் குளோபல் ஷட்டர் வேலையைப் பாதியாக்கும். அவர்களுக்கு நெளியாத கோடு என்பது சொத்து.

கே: சினிமா கேமராக்கள் எல்லாம் குளோபல் ஷட்டர்தானே?

இல்லை. ரெட் நிறுவனம் 2020இல் கொமோடோவையும் பின்னர் 2024இல் வி-ராப்டர் எக்ஸையும் குளோபல் ஷட்டரோடு கொண்டுவந்தது. அதற்கு முன்பே சோனி எஃப்55 இருந்தது. ஆனால் பெரும்படங்களில் அதிகம் புழங்கும் ஆரி அலெக்ஸா 35 ரோலிங் ஷட்டர்தான், வேகமாகப் படிக்கும் ரோலிங் ஷட்டர். ஃபிலிம் காலத்துக் கேமராவில் சுழலும் வட்டு ஷட்டரும் சட்டத்தைத் துடைத்துக்கொண்டுதான் போனது. ஆரி நிறுவனத்தார் வேகத்தையும், இருளையும் பிரகாசத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் வெளிச்ச வீச்சையும் எடைபோட்டு வீச்சைத் தேர்ந்தார்கள். சிறு தயாரிப்புகளில் இருப்பவர்களும் அந்தத் தராசைக் கையில் எடுக்கலாம்.

கே: என் கேமரா எத்தனை மில்லிவினாடியில் படிக்கிறது என்று நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. எப்படி அறிவது?

மினுக்கும் மலிவான எல்இடி பல்பு ஒன்று போதும். பல்பின் ஒளி விழும் வெள்ளைச் சுவரை நோக்கிக் கேமராவை வையுங்கள். ஃபோகஸைக் கலைத்துச் சுவரை மங்கலாக்குங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/2000 வைத்து ஒரு படம் எடுங்கள். கிடைமட்டமாகப் பட்டைகள் விழும். ஒரு வெளிச்சப் பட்டையும் ஓர் இருள் பட்டையும் சேர்ந்தது ஒரு ஜோடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு ஜோடிக்கு 10 மில்லிவினாடி, 60 ஹெர்ட்ஸில் 8.3. மேலிருந்து கீழ் வரை ஜோடிகளை எண்ணிப் பெருக்குங்கள். வீடியோவுக்கு இதே சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் அதில் படிக்கும் வேகம் வேறு.

கே: (மேலே கேட்டவரே) செய்து பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ். படத்தில் ஆறரை ஜோடி. 4கே வீடியோவில் இரண்டரைக்குக் கொஞ்சம் கூட. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படிக்கும் கிராப் முறையில் ஒன்றரை.

அப்படியானால் உங்கள் கேமரா படத்துக்கு 65, வீடியோவுக்கு 26 போல, கிராப்பில் 15 மில்லிவினாடி. படத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டரை விட்டு நகராதீர்கள்; எலக்ட்ரானிக் ஷட்டரைச் சத்தம் கூடாத, அசைவு இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவது, சுழல்வது எதையாவது வீடியோ எடுக்கும்போது கிராப்புக்கு மாறிவிடுங்கள். கிராப்பில் காட்சி குறுகும் என்பதால் அகலக்கோண லென்ஸ் ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். இந்த ஆண்டு புதிய கேமரா வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது.