என்னை மிகவும் ஏமாற்றிய படம் 'கடல்'தான்

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே படு மோசமான, மிகவும் ஏமாற்றிய திரைப்படம் எது?

உண்மையில் இது இரண்டு கேள்வி. மோசமான படம் பத்து நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு கூட வந்த நண்பர்களோடு சேர்ந்து கிண்டலடித்துக்கொண்டே மீதியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பணம் போனதோடு சரி. ஏமாற்றும் படம் வேறு ரகம். டிக்கெட் எடுக்கும் முன்பே நாம் மனசுக்குள் ஒரு படம் ஓட்டிவிட்டுப் போயிருப்போம், திரையில் அது வராது.

எனக்கு மோசமான படம் 'சுறா', ஏமாற்றிய படம் 'கடல்'. இரண்டுமே மீனவர் கதை. நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரன், ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் உப்புக் கரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சொல்லும் பட்டியலை நானும் சொல்லப் போவதில்லை. 'பாபா', 'ஆளவந்தான்', 'அஞ்சான்', 'லிங்கா', 'இந்தியன் 2' எல்லாவற்றையும் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியாயிற்று. 2002இல் 'பாபா' ஓடாமல் போனபோது விநியோகஸ்தர்களுக்கு ரஜினியே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே படத்தை 2022 டிசம்பரில் வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டார்கள், கூட்டமும் வந்தது. இருபது வருடம் போனால் ஏமாற்றமும் மலரும் நினைவாகிவிடும்போல. 2024இல் 'கங்குவா' வந்தபோது ஈராயிரம் கோடி வசூல் என்று முன்கூட்டியே பேசினார்கள். படம் வந்ததும் முதல் புகார் சத்தம் பற்றித்தான். கடைசியில் ஒலியை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டுங்கள் என்று தயாரிப்பாளர் தரப்பே சொல்ல வேண்டியதாயிற்று. இதெல்லாம் விளம்பரம் செய்த ஏமாற்றம். ஆறு மாதம் டிரெய்லர் பார்க்காமல் இருந்தால் பாதி குறைந்துவிடும்.

குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நாங்கள் இரண்டு மொழியிலும் ஏமாறுவோம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மேற்கே போகப்போக மலையாளப் படமும் எங்கள் வீட்டுப் படம்தான். 2018 டிசம்பரில் மோகன்லாலின் 'ஒடியன்' வந்தது. இரவில் மிருக உருவம் எடுத்து ஆட்களைப் பயமுறுத்தும் பாலக்காட்டு ஒடியன் பற்றிய கதை. லாலேட்டன் உடம்பை இளைத்துவிட்டார், சண்டை பீட்டர் ஹெய்ன் என்று மாதக்கணக்கில் ஊதினார்கள். வெளியான அன்று கேரளத்தில் ஹர்த்தால், பஸ் கிடையாது. அப்படியும் அதிகாலைக் காட்சிக்கு ரசிகர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் அந்தப் படத்தில் ஊரெல்லாம் பேசியது எதைத் தெரியுமா? கொஞ்சம் கஞ்சி எடுக்கட்டுமா என்று மஞ்சு வாரியர் ஒடியன் மாணிக்கனிடம் கேட்கும் ஒற்றை வசனத்தை. வாட்ஸ்அப்பில் அடுத்த ஒரு மாதம் கஞ்சிதான். நான் மார்த்தாண்டத்தில் பார்த்தேன். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையைப் பாட்டி வாயால் கேட்டு, ராத்திரி முற்றத்துக்கு இறங்கவே பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களை ஓர் ஒடியன் பயமுறுத்த வேண்டுமென்றால் இன்னும் நன்றாக உழைத்திருக்க வேண்டும்.

அப்புறம், பார்த்தவர்கள் விரட்டியடித்த படம் என்றால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். தலித் பெண்ணான பி.கே. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் படம் ஓடிய திரையின் மேல் கல் எறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் சொத்தை இழந்து, பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975இல் இறந்தார். இன்று கேரள அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் உயரிய விருது அவர் பெயரில் இருக்கிறது. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆகவே ஓடாத படம், ஜனம் ஒதுக்கிய படம் என்பதை மட்டும் வைத்து ஒன்றை மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'சுறா'வையும் 'கடலை'யும் பற்றிச் சொல்வது நானே உட்கார்ந்து முழுக்கப் பார்த்த கணக்கில்.

'சுறா' 2010இல் வந்தது, விஜய்க்கு ஐம்பதாவது படம். மீனவக் குப்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கத் துடிக்கும் நாயகன், நிலத்தைப் பிடுங்க நினைக்கும் மந்திரி. கடலில் காணாமல் போன நாயகன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளி எழுந்து நீந்தியே கரைக்கு வருவதுதான் அறிமுகக் காட்சி. தியேட்டரில் எங்கள் பையன்கள் சிரித்த சிரிப்பில் பாட்டின் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. சட்டை கசங்காத மீனவர், வலை தொடாத குப்பம். வடிவேலு வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். ஆனால் ஏமாற்றம் என்று எதுவும் இல்லை. போகும்போதே இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் போனோம். மனசில் ஒன்றும் தங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

'கடல்' அப்படிப் போன படம் இல்லை.

முட்டம் எங்களுக்கு எட்டும் தூரம். 1981இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தது அங்கேதான், 1986இல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்ததும் அங்கேதான். எங்கள் பக்கம் வயதான யாரைக் கேட்டாலும் அந்த ஷூட்டிங்கில் கூட்டத்தோடு நின்றதாகச் சொல்வார். சொல்கிறவர்கள் எல்லோரும் நின்றிருந்தால் கேமராவுக்குக் கடலே தெரிந்திருக்காது. கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமானது 'அலைகள் ஓய்வதில்லை'யில். முப்பது வருடம் கழித்து கார்த்திக்கின் மகன் கௌதமும் ராதாவின் மகள் துளசியும் ஒரே படத்தில் அறிமுகம், படத்தின் பெயர் 'கடல்', இயக்கம் மணிரத்னம், கதையில் அவரோடு நாகர்கோவில்காரரான ஜெயமோகன். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய செய்தி வேண்டுமா? அதுவரை சினிமாவில் எங்கள் கடற்கரை என்றால் காதலர்கள் பாறைமேல் நிற்க, பின்னால் அலை அடிக்கும். இந்தத் தடவை பங்குச்சாமியாரும் கோயிலும் (பாதிரியாரும் சர்ச்சும்தான்) வலையும் வள்ளமும் கதைக்குள்ளேயே வரப்போகின்றன என்று நம்பினோம்.

பாட்டு வேறு முன்னாலேயே வந்துவிட்டது. 'நெஞ்சுக்குள்ளே' ஒலிக்காத மினி பஸ் கிடையாது. 'அடியே' பாடிய பையன் யார் என்று விசாரித்தோம், சித் ஸ்ரீராமுக்குத் தமிழில் அதுதான் முதல் பாட்டு. போதாததற்கு 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் தடைபட்டிருந்த நேரம் அது. அவசரக்காரர்கள் களியக்காவிளையைத் தாண்டிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் இருந்த ஒரே பெரிய படம் 2013 பிப்ரவரி 1ஆம் தேதி வந்த 'கடல்'தான்.

நான் என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன். வள்ளத்தில் போகிறவர், சினிமாவுக்கு லேசில் வரமாட்டார். கடல் படம் என்றதும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தொடக்கம் நன்றாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சாமியாராகப் படிக்கும் இடத்தில் வசதியான வீட்டுப் பிள்ளை சாம், ஏழ்மையிலிருந்து வந்து அவரைவிட நன்றாகப் படிக்கும் பெர்க்மான்ஸ். பெர்க்மான்ஸின் தவறு வெளியே வந்து அவர் அங்கிருந்து போகும் காட்சியில் அர்ஜுன் இவ்வளவு நன்றாக நடிப்பாரா என்று தோன்றியது. பிறகு தாய் செத்துப்போன சின்னப் பையன், அவள் பிணத்தைப் பெட்டியில் அடைத்துப் புதைக்கும் காட்சி. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. ராஜீவ் மேனனின் கேமராவில் மணல், காற்று, உப்பேறிய சுவர் எல்லாம் உண்மையாக இருந்தன.

சாம், அதாவது அரவிந்த் சாமி, ஃபாதராக ஊருக்கு வந்து இறங்கும்போது கோயில் பாழடைந்து கிடக்கிறது, ஒருத்தரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இங்கேதான் எங்கள் வரிசை நெளிய ஆரம்பித்தது. எங்கள் கரையில் கோயிலைச் சுற்றித்தான் ஊரே நடக்கும். மீன் பிடிபாட்டில் கோயிலுக்குப் பங்கு உண்டு, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது, இரண்டு வீட்டுக்கு இடையில் சண்டை வந்தாலும் முதலில் போய் நிற்பது சாமியார் முன்னால்தான். சாமியாரோடு எங்களுக்குப் பிணக்கு வரும், வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்போம், பிஷப் வரைக்கும் மனு போகும். ஆனால் கண்டுகொள்ளாமல் இருக்கிறது என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு பெரிய நாடகம் அங்கே சும்மா கிடக்கிறது! பேச்சும் எங்கள் பேச்சாக இல்லை, கிழக்கே மணப்பாட்டுப் பக்கத்துப் பேச்சு. சரி, படம் எடுத்ததும் அங்கேதான், அதைக் குறை சொல்ல முடியாது.

'ஏலே கீச்சான்' பாட்டு வந்தபோது சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாய் விரித்துப் படகு போகிறது, பையன் கடல் கற்றுக்கொள்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கதை கடலைவிட்டுக் கரையேறிவிட்டது. ஃபாதர் பொய்ப் பழியில் சிறைக்குப் போகிறார், பையன் கடத்தல்காரனான பெர்க்மான்ஸிடம் போய்ச் சேர்கிறான், பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தால் சாத்தான் பேச்சு. நல்லவன் கட்சி, கெட்டவன் கட்சி என்று பிரித்துவைத்துப் பிரசங்கம் நடக்கிறது. நடுவில் குழந்தை மனசோடு பியாட்ரிஸ் (துளசி) வந்து சிரிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படி இருக்கிறாள் என்று உட்கார்ந்து பேச யாருக்கும் அவகாசம் இல்லை. ஊர் ஜனங்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். ஒருத்தர் பேரும் எனக்கு நினைவில் தங்கவில்லை. எங்களைப் பற்றிய படம் என்று போனால், நாங்கள் அதில் பின்னணியில் நிற்கும் ஆட்கள்.

"லே மக்கா, இவனுவ இனி எப்பம் கடலுக்குப் போவானுவ?" என்று சித்தப்பா கேட்டார். கடைசியில் போவார்கள் சித்தப்பா என்றேன்.

கடைசியில் போனார்கள். கொந்தளிக்கும் கடலில் படகின் மேல் சாமும் பெர்க்மான்ஸும் கட்டிப் புரண்டு சண்டை. சித்தப்பா அதைச் சண்டையாகவே பார்க்கவில்லை. "அலைக்கு அணியத்தக் காட்டாம இவனுவ என்னலே செய்யியானுவ? இந்நேரம் கவுந்திருக்கும்" என்று அவருக்கு ஒரே பதற்றம். அணியம் என்றால் படகின் முன்பக்கம். கயிற்றில் ஒருவர் தலைகீழாகத் தொங்க, விடுவதா பிடிப்பதா என்று திரையில் பெரிய தர்மசங்கடம் ஓடுகிறது. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அந்தப் படகைப் பற்றித்தான் கவலை. வெளியே வந்து சாயா குடிக்கும்போது சித்தப்பா தீர்ப்பைச் சொன்னார்: "கரையில நிண்ணு பாத்தவன் எடுத்த புயலாக்கும்." அதற்குப் பிறகு அவர் தியேட்டர் பக்கமே வரவில்லை.

'பெயர் கடல் என்பதால் மீன்பிடி ஆவணப்படமா எடுப்பார்கள், அது பைபிள் சாயலில் சொன்ன கதை' என்று எனக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தக் கதையை மலை அடிவாரத்தில் வைத்தும் எடுத்திருக்கலாமே. முதல் அரை மணி நேரம் எடுத்த அதே கை மீதியையும் எடுத்தது என்பதுதான் ஆறவில்லை. எடுக்கத் தெரியாதவர் எடுத்திருந்தால் 'சுறா'வைப் போலச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக்கரை ஊர்களில் வீடு வீடாக ஆள் திரும்பவில்லை. இன்னும் தேடுங்கள் என்று கேட்டு ஜனங்கள் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் டிவியில் 'சுறா' ஓடியது. அந்த அறிமுகக் காட்சி வருவதற்குள் வீட்டில் யாரோ சேனலை மாற்றிவிட்டார்கள். 'கடல்' படத்தின் கடைசிக் காட்சியை நானே யூடியூபில் மறுபடி போட்டுப் பார்த்தேன், நன்றாக எடுத்திருக்கிறார்களோ என்று. இல்லை, சித்தப்பா சொன்னதுதான் சரி.

இதுவரை பார்க்காதவர்களுக்கு: 'ஏலே கீச்சான்' பாட்டு வரைக்கும் பாருங்கள், நல்ல படம். அதற்கு மேல் பாட்டுகளைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். 'ஒடியன்' பார்க்கவே வேண்டாம். 'சுறா' எப்படியும் ஏதாவது ஒரு சேனலில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.